இளவயது நீரிழிவு: சிறுநீரகத்தை மறந்துவிடலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு இரண்டாம் வகை நீரிழிவு உறுதியானது. இளவயதிலேயே நீரிழிவு வந்த என் மலாய் நண்பருக்கு இப்போது சிறுநீரகப் பாதிப்பு. “நம் இந்தியர்களுக்கு இதயம்தான் பாதிக்கும், சிறுநீரகத்தைப் பற்றிக் கவலைப்படாதே” என்கிறார் என் மாமா. உண்மையா? என்னென்ன சோதனைகள் செய்துகொள்ள வேண்டும்?

பதில்: மாமா சொன்னதில் முற்பகுதி சரி. சிங்கப்பூர் இந்தியர்களுக்கு, சீனர்களைவிட இளம் வயதிலும் அதிக அளவிலும் மாரடைப்பு வருகிறது. உடல் ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேர்வது நம்மிடையே அதிகம். மலாய்க்காரர்களிடையே சிறுநீரகச் செயலிழப்பு கூடுதல் என்பதும் உண்மைதான். ஆனால், அவர்களுக்கு அதிகம் என்பதால் நமக்கு வராது என்று ஆகிவிடாது. இங்கு நடந்த ஆய்வுகளில் நீரிழிவு விழித்திரைப் பாதிப்பு இந்தியர்களிடையே மற்ற இரு இனத்தாரைவிட அதிகமாகக் காணப்பட்டது. விழித்திரையைப் போலவே சிறுநீரகமும் நுண்ணிய ரத்தக் குழாய்களை நம்பியிருக்கும் உறுப்பு.

இனத்தைவிட உங்கள் வயதுதான் எனக்குக் கவலை தருகிறது. 54 வயதில் நீரிழிவு வருபவர் அன்றுதான் தொடங்குவார். நீங்களோ அந்த வயதில் நீரிழிவோடு 20 ஆண்டுகளைக் கடந்திருப்பீர்கள். இளவயதில் வரும் இரண்டாம் வகையில் இன்சுலின் சுரப்பும் வேகமாகக் குறைகிறது.

ஆகவே ஆண்டுதோறும் சிறுநீரில் அல்புமின் (ஒரு புரதம்)–கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) விகிதத்தைப் பாருங்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் சரியாக இருக்கிறது என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அது பெரும் தவறு. கிரியாட்டினின் உயர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே அல்புமின் கசியத் தொடங்கிவிடும். அப்போது கண்டுபிடித்தால் மருந்தால் பாதிப்பை வெகுவாகத் தள்ளிப்போடலாம். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீர் இதற்கு நல்லது. காய்ச்சலோ கடும் உடற்பயிற்சியோ அளவைத் தற்காலிகமாக உயர்த்தும் என்பதால், ஒருமுறை கூடுதலாக வந்தால் சில மாதங்களுக்குள் மறுபடி சோதிப்பார்கள். மூட்டுவலி, முதுகுவலிக்கு நீங்களாகவே வலிமாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். அவற்றில் பல சிறுநீரகத்தைக் கெடுப்பவை.

விழித்திரைப் படமும் பாதப் பரிசோதனையும் பலதுறை மருந்தகங்களிலேயே செய்கிறார்கள். எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரை), ரத்த அழுத்தம், எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) ஆகியவற்றின் இலக்கு உங்களுக்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை 40 வயதுக்குப் பிறகுதான் என்று எண்ண வேண்டாம். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தாலோ, உங்களுக்குப் புகைப்பழக்கமோ அல்புமின் கசிவோ இருந்தாலோ முன்னதாகவே தரலாமா என்று மருத்துவர் பார்ப்பார். தாம்பத்தியத்தில் விறைப்புக் குறைவு இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ரத்தக் குழாய்ப் பாதிப்பின் முதல் அறிகுறியாக அது இருக்கக்கூடும்.

உங்களுக்குத் தம்பி, தங்கை இருந்தால் அவர்களையும் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 18 முதல் 39 வயது வரையுள்ளவர்களுக்குச் சுகாதார மேம்பாட்டு வாரியம் இணையத்தில் நீரிழிவு அபாய மதிப்பீடு வைத்திருக்கிறது. அபாயம் அதிகம் என்று வந்தால் ரத்தப் பரிசோதனைக்குச் செல்லட்டும்.