சுழலும் முன்காலும்: ஆஃப் ஸ்பின் குறித்துக் கேள்வி பதில்

சென்னை லீக் ஆட்டங்களில் பல ஆண்டுகள் ஆஃப் ஸ்பின் (வலது கை மட்டையாளரை நோக்கி உள்ளே திரும்பும் சுழற்பந்து) வீசியவன், இப்போது சிறுவர்களுக்கும் கல்லூரி அணியினருக்கும் பயிற்சி அளிப்பவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். வேகப்பந்தும் மட்டையாட்டமும் என் துறை அல்ல. திசைகள் எல்லாம் வலது கை வீச்சாளருக்கும் வலது கை மட்டையாளருக்கும் உரியவை.

திண்டுக்கல், கல்லூரி மாணவர்: டென்னிஸ் பந்தை நன்றாகத் திருப்புகிறேன், ஐயா. லெதர் பந்து நேராகவே போகிறது. விரலில் வலிமை போதவில்லையா?

விரலைக் குறை சொல்வதற்கு முன் காலைப் பாருங்கள். டென்னிஸ் பந்தின் எடை 60 கிராமைத் தொடாது. லெதர் பந்தோ 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். இலேசான பந்தை விரல் மட்டுமே சுழற்றிவிடும் என்பதால், தெருவில் ஆடி வளர்ந்தவர்கள் உடம்பைப் பயன்படுத்தாமலே பழகிவிடுகிறார்கள். கனமான பந்துக்கு அந்த வேலையில் பாதியை இடுப்பும் தோளும் செய்தாக வேண்டும்; அவை சுழல்வதற்கு அச்சாக நிற்பது முன்கால்தான்.

பின்கால் கிரீஸ் கோட்டுக்கு இணையாக, பாதத்தின் பக்கவாட்டு மட்டையாளரைப் பார்க்கும்படி விழட்டும். அடுத்து வரும் முன்கால் சற்றுக் குறுக்கே, விரல் நுனி ஃபைன் லெக் பக்கம் (மட்டையாளரின் கால் பக்கத்துக்குப் பின்புறம்) நோக்க, முழங்கால் மடங்கித் தளராமல் ஊன்ற வேண்டும். பந்து கையை விட்டுப் போகும் கணத்தில் குதிகால் எழும்பி, பாதத்தின் முன்பகுதி தரையில் திருகிச் சுழலும்; வலது முழங்கால் இடது காலைச் சுற்றி முன்னே வரும்; வீச்சு முடிந்து நிற்கும்போது வலது தோள் மட்டையாளரை நோக்கியிருக்கும். கை மட்டும் வந்து, வலது கால் பின்னாலேயே தங்கிவிட்டால், பந்தை நீங்கள் வைக்கிறீர்கள், வீசவில்லை.

இதைச் சோதிக்கப் பயிற்சியாளர் வேண்டியதில்லை. ஒரு ஓவர் வீசிவிட்டு, முன்கால் விழுந்த மண்ணைக் குனிந்து பாருங்கள். வட்டமாகக் கிளறிய தடம் இருந்தால் கால் சுழல்கிறது; நேராக இழுத்த கோடு இருந்தால் கால் சறுக்குகிறது அல்லது பூட்டிக்கொள்கிறது. ஓட்டமே இல்லாமல், கிரீஸில் பக்கவாட்டில் நின்று, இந்தத் திருகலை மட்டும் தினமும் முப்பது முறை செய்யுங்கள். இரண்டு வாரம் வரை இலக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

சேலம், ஒரு தந்தை: என் மகனுக்குப் பதின்மூன்று வயது. தூஸ்ரா (ஆஃப் ஸ்பின் போலவே வீசப்பட்டு எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து) எப்போது கற்றுக்கொடுக்கலாம்?

இப்போது வேண்டாம். ஆஃப் ஸ்பின்னின் அடிப்படைப் பந்தான ஒரே ஆஃப் பிரேக்கை ஓவருக்கு ஐந்து முறையாவது அவன் நினைத்த லென்த்தில் (தூரத்தில்) விழச் செய்த பிறகு கேளுங்கள். வளரும் பையன் தூஸ்ராவுக்கு முயலும்போது முழங்கை தானாக மடங்கி நிமிரத் தொடங்கும். வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது ஐசிசியின் வரம்பு. பழகிவிட்ட முழங்கையைத் திருத்துவது, புதிதாக வீசக் கற்பதைவிடக் கடினம்.

மதுரை: ரன்-அப் எத்தனை அடி இருக்க வேண்டும்?

எண்ணிக்கை முக்கியம் அல்ல, சீர்தான் முக்கியம். கிரீஸிலிருந்து எதிர்த்திசையில் ஓடி, இயல்பாக வீசும் இடத்தை நண்பர் ஒருவரைக் குறிக்கச் சொல்லுங்கள். பத்து முறை செய்தால் குறிகள் ஓரிடத்தில் நெருங்கும், அதுவே உங்கள் தொடக்கம். மெதுவாகத் தொடங்கி, கடைசி மூன்று அடிகளில் வேகம் கூட வேண்டும். கடைசி அடி மிக நீளமானால் உயரம் குறைந்து, முன்கால் சுழல மறுக்கும். சுழற்பந்து வீச்சாளர் நோ-பால் போடுவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

கோவை: தூஸ்ராவுக்கு விரல்களை எப்படி வைப்பது?

சேலத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

திருச்சி: பந்து காற்றில் சட்டென்று கீழிறங்க வேண்டும். வேகத்தைக் குறைத்தால் போதுமா?

போதாது. மெதுவான பந்து வேறு, இறங்கும் பந்து வேறு. தையல் முழுக்கப் பக்கவாட்டில் சுழன்றால் பந்து தரையில் திரும்பும், ஆனால் காற்றில் ஏமாற்றாது. தையலின் முகம் லெக் ஸ்லிப்பை (மட்டையாளருக்குப் பின்னே, கால் பக்கம்) நோக்கியிருக்க, முன்னோக்கிய சுழலும் கலந்திருந்தால், பந்தின் மேற்புறத்தில் காற்றழுத்தம் கூடி, அது மட்டையாளர் கணித்த இடத்துக்கு முன்பே விழுந்து எழும்பும். மேக்னஸ் விளைவு என்று பள்ளி இயற்பியலில் படித்தது இதுதான். 2021 டி20 உலகக் கோப்பைக்குப் பின் பக்கச் சுழலை விட்டு முன்சுழலுக்கு மாறியதாக வருண் சக்கரவர்த்தியே கூறியிருக்கிறார். அதன் பலனை எல்லோரும் பார்த்தோம். தையல்மீது வெள்ளை நாடா ஒட்டி வீசினால், அது காற்றில் தள்ளாடுகிறதா, ஒரே தளத்தில் சுழல்கிறதா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். கூடவே, மட்டையாளரின் கண் மட்டத்துக்கு மேலே ஒரு கயிறு கட்டி, அதைத் தாண்டிப் பந்து இறங்குமாறு வீசிப் பழகுங்கள்.

மட்டக்களப்பு: பக்கவாட்டில் நிற்க வேண்டும் என்கிறீர்கள். முரளி நெஞ்சைக் காட்டித்தானே வீசினார்? 800 விக்கெட் எடுத்தவரின் கால் தவறா?

நல்ல கேள்வி, இதற்காகத்தான் காத்திருந்தேன். நெஞ்சைக் காட்டி வீசுவது பிழை என்று நான் எங்கும் சொல்லவில்லை. இடுப்பு மட்டையாளரை நேரே பார்க்க, தோள் மட்டும் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும் கலப்பு முறைதான் பிழை. அது கீழ்முதுகை வாட்டும். முரளிதரன் விரலால் அல்ல, மணிக்கட்டால் ஆஃப் பிரேக் வீசியவர். அவரது முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராதது. தோளும் மணிக்கட்டும் அபூர்வமாக வளையக்கூடியவை. மற்றவர்கள் இடுப்பிலிருந்து பெறுவதில் பெரும்பகுதியை அவர் மணிக்கட்டிலிருந்தே பெற்றார்.

மட்டக்களப்பு, மீண்டும்: அப்படியானால் கால் அடிப்படை என்பது பொது விதி அல்ல என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

பாதி ஒப்புக்கொள்கிறேன். அவருடைய வீச்சுப் படங்களில் கையை மறைத்துவிட்டுக் காலை மட்டும் பாருங்கள்: ஓட்டத்தின் வேகம் முன்காலில் வந்து நின்று, வலது பக்கம் முழுவதும் அதைச் சுற்றிப் போகிறது. நிற்கும் கோணம் வேறு, அச்சு அதேதான்.

தாம்பரம்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஷேன் வார்ன் நடந்து வந்துதானே வீசினார்? அஸ்வின் தன் வீச்சு முறையை எத்தனை தடவை மாற்றினார்? நிலையான கால் என்று ஒன்று உண்டா?

வார்ன் நடந்தது தொடக்கத்தில் மட்டுமே. கடைசி இரண்டு அடிகளில் தோளும் இடுப்பும் வெடித்துச் சுழன்றதை 1993-இல் ஓல்ட் டிராஃபோர்டில் இங்கிலாந்து மட்டையாளர் மைக் கேட்டிங்கை ஏமாற்றிய பந்தின் காட்சியிலேயே காணலாம். அஸ்வின் விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை; ஓட்டம், தாவல், கை வரும் பாதை எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தவர், 537 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் ஓய்வு பெற்றார். ஆனால் எதை மாற்றுகிறோம், ஏன் மாற்றுகிறோம் என்று அறிந்து மாற்றியவர் அவர். என்னிடம் வரும் பையன்கள், நேற்று சிக்ஸர் போனது என்பதற்காக இன்று ஓட்டத்தை மாற்றுகிறார்கள்.

மட்டக்களப்பு: என் மணிக்கட்டும் நன்றாக வளையும். முரளி மாதிரி முயலலாமா?

முயலுங்கள், ஆனால் காணொளி எடுத்துக்கொண்டு முயலுங்கள். பக்கவாட்டிலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. இடுப்பும் தோளும் ஒரே திசையைப் பார்த்தால் தொடரலாம். இல்லையென்றால் அன்றே நிறுத்துங்கள். உங்கள் பக்கத்து வாதத்தில் உண்மை இருப்பதால்தான் இவ்வளவு எழுதினேன்.

ஈரோடு: இடது கை மட்டையாளர் ஸ்வீப் ஆடினால் ஃபீல்டிங்கை எப்படி அமைப்பது?

அது அணித்தலைவரின் வேலை. வேறொரு நாள் பேசலாம்.

வேலூர்: கேரம் பந்து கற்க ஆசை. அதற்கும் கால் சுழல வேண்டுமா?

நடுவிரலை மடக்கிக் கட்டைவிரலோடு சேர்த்துச் சுண்டுவதால் சுழல் விரலிலிருந்தே வருகிறது. சென்னைத் தெருக்களில் இதற்குச் சொடுக்கு பந்து என்று பெயர். இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் 2008 ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் 13 ரன்களுக்கு 6 விக்கெட் எடுத்தபோது உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் ஆஃப் பிரேக்குக்குச் சுழலும் கால் இதற்கு மட்டும் நின்றுவிட்டால், கை வருவதற்கு முன்பே மட்டையாளர் படித்துவிடுவார். ஆகவே, ஆம்.

நாகர்கோவில்: தூஸ்ரா...

சேலம்.

தஞ்சாவூர்: முன்காலைத் திருகும்போது முழங்காலில் வலி வருகிறது. பழகப் பழகச் சரியாகிவிடுமா?

சரியாகாது. இன்றே வீசுவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அவர் அனுமதித்த பின் காலணியின் அடிப்பகுதியையும் கவனியுங்கள்: முன்பாதத்தில் ஆணிகள் நீளமாக இருந்தால் பாதம் மண்ணில் பூட்டிக்கொள்ளும், சுழல வேண்டிய சுமை முழங்காலுக்குப் போகும். நான் முன்பாதத்துக்கு ரப்பர் ஆணிகளையும், குதிகாலுக்கு மட்டும் உலோக ஆணிகளையும் பரிந்துரைக்கிறேன்.