துப்பாக்கியை மாற்றுவதற்கு முன் காற்றைக் கவனியுங்கள்

நண்பரே, அமெரிக்காவின் வயோமிங்கில் 280 கெஜத்தில் .243 வின்செஸ்டர் வகைத் துப்பாக்கியால் நீங்கள் சுட்ட ப்ராங்ஹார்ன் (மான் போன்ற காட்டு விலங்கு) கிடா ஓடிப்போய், வயிற்றில் துளையோடு கிடைத்தது. 100 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு போதவில்லையா, அதைவிடச் சக்தி கூடிய .300 மேக்னம் துப்பாக்கி வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். குண்டின் மேல் பழி போடாதீர்கள். 50 கிலோ உடம்பு, மெல்லிய விலா. அந்தக் குண்டுக்கு இது பெரிய வேலையே அல்ல. பக்கவாட்டில் மணிக்கு 24 கி.மீ. காற்று அடித்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தூரத்தில் அது உங்கள் குண்டைச் சுமார் 25 செ.மீ. ஒதுக்கிவிடும். முன்காலுக்குப் பின்னால் வைத்த குறி வயிற்றுக்குப் போனது அதனால்தான். 180 கிரெயின் மேக்னம் குண்டும் ஏறக்குறைய 20 செ.மீ. ஒதுங்கும், கூடவே தோளில் இடிக்கும் இடியில், விசையை இழுக்கும்போதே கண்ணை மூடப் பழகிவிடுவீர்கள்.

மாற்றியே தீருவேன் என்றால் 6.5 கிரீட்மூர் வகைத் துப்பாக்கி, 140 கிரெயினை ஒட்டிய நீண்ட கூர்முனைக் குண்டு. மேக்னத்தைவிட உதையும் குறைவு, ஒதுக்கமும் குறைவு. ஈயத்துக்குப் பதில் செம்புக் குண்டு போட்டால் அது இறைச்சியை அவ்வளவாகக் கெடுக்காது. ஆனால் வேகம் தளர்ந்த நெடுந்தூரத்தில் சரியாக விரியாது.

அடுத்த முறை சுடுவதற்கு முன் மான் பக்கத்துப் புல் எப்படிச் சாய்கிறது என்று தொலைநோக்கியில் பாருங்கள். காற்று பலமாக இருந்தால் 200 கெஜத்துக்குள் ஊர்ந்து போங்கள். அங்கே மறைவுக்கு இருக்கும் சேஜ் புதர் முழங்கால் உயரம்தான், சிரமம்தான்.