கீமோவுக்குப் பதில் பெப்டைடு ஊசி போடலாமா?

கேள்வி: எங்கள் 3 வயது மகளுக்கு இடது சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி (குழந்தைகளுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோய்). 4 வாரம் கீமோ கொடுத்துவிட்டு அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். பக்கவிளைவே இல்லாத பெப்டைடு சிகிச்சை இருப்பதாக இணையத்தில் படித்தோம். கீமோவுக்குப் பதிலாக அதைக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. முழு சிகிச்சையும் தடையின்றிக் கிடைக்கும் இடங்களில் இந்தக் கட்டி வந்த 10 குழந்தைகளில் ஏறக்குறைய 9 பேர் பிழைக்கிறார்கள். அதை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு எந்தப் பெப்டைடும் (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலும் உங்கள் மகளின் கீமோவிலேயே ஒரு பெப்டைடு மருந்து இருக்கும். 4 வார முறையில் வழக்கமாகத் தரப்படுபவை வின்கிறிஸ்டின், ஆக்டினோமைசின்-டி. இரண்டாவது மருந்து, 1940இல் நுண்ணுயிரியலாளர் செல்மன் வாக்ஸ்மன் குழுவினர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து முதலில் பிரித்தெடுத்த ஆக்டினோமைசின் குடும்பத்தைச் சேர்ந்தது. தலா 5 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு பெப்டைடு வளையங்களும் அவற்றை இணைக்கும் தட்டையான நிறமிப் பகுதியும்தான் அதன் உடல். அந்தத் தட்டைப் பகுதி டி.என்.ஏ. படிகளுக்கிடையே செருகிக்கொள்ள, செல்லால் மரபணுவைப் படிக்க முடியாமல் போகிறது. ஆகவே 'பெப்டைடு என்றால் மென்மையானது' என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

ஐரோப்பிய முறையில் ஆக்டினோமைசின் 1, 3ஆம் வாரங்களில், கிலோவுக்கு 45 மைக்ரோகிராம். 14 கிலோ குழந்தைக்கு 630 மைக்ரோகிராம், அதாவது 0.63 மில்லிகிராம். 12 கிலோவுக்குக் கீழ் என்றால் அதில் மூன்றில் இரண்டு பங்குதான். எடையை அன்றன்று பார்த்து அளவு கணக்கிட்டார்களா என்று கேளுங்கள். மருந்து இறங்கும்போது ஊசி இடத்தில் எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் அந்த நொடியே செவிலியரைக் கூப்பிடுங்கள். சிரைக்கு வெளியே கசிந்தால் தசை வெந்துபோகும். அதனால்தான் போர்ட் (மருந்தைப் பெரிய சிரைக்குள் செலுத்தத் தோலுக்கடியில் பொருத்தும் சிறு கருவி) வைக்கிறார்கள்.

அடுத்த ஆபத்து கல்லீரலில். அதன் நுண்குழாய்கள் அடைபட்டால், சில நாட்களிலேயே எடை ஏறும், வயிறு உப்பும், வலது விலாவின் கீழ் வலிக்கும், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சரியும். ஒரே தராசில் தினமும் எடை பாருங்கள். சரியாகச் சாப்பிடாத குழந்தைக்கு எடை கூடுகிறது என்றால் அது நல்ல செய்தி அல்ல. வின்கிறிஸ்டினால் மலச்சிக்கல், தாடை வலி, பாதம் தொங்குதல் வரலாம்; பூஞ்சை மருந்துகளான இட்ராகோனசோல், வோரிகோனசோல் சேர்ந்தால் இவை கடுமையாகும். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். வயிற்றை யாரும் அமுக்கிப் பார்க்க வேண்டாம், கட்டி உடைந்தால் நோய் அடுத்த, மோசமான நிலைக்குப் (ஸ்டேஜ்) போய்விடும்.

இனி நீங்கள் படித்திருக்கக்கூடிய பெப்டைடு தடுப்பூசி. 1990இல் கண்டறியப்பட்ட டபிள்யூ.டி.1 மரபணுவின் புரதத்திலிருந்து 9 அமினோ அமிலத் துண்டை எடுத்து, எண்ணெய்க் கலவையில் தோலுக்குள் போடுவார்கள். நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்கள் அதைப் பார்த்துப் பழகி, அதே துண்டைக் காட்டும் புற்றுசெல்லைத் தாக்கும் என்பது கணக்கு. ஜப்பானில் ஒசாகா ஆய்வாளர்கள் இதில் முன்னோடிகள். ஆனால் குறிப்பிட்ட எச்.எல்.ஏ. (புரதத் துண்டுகளை டி செல்லுக்குக் காட்டும், ஆளுக்கு ஆள் மாறும் செல் மேற்பரப்புப் புரதம்) வகை உள்ளவர்களின் செல்தான் அந்தத் துண்டைப் பிடித்துக் காட்டும். சில வில்ம்ஸ் கட்டிகளில் அந்த மரபணுவே அழிந்திருக்கும். அங்கே தாக்க இலக்கே இல்லை. இப்போதைக்கு இதன் இடம், நோய் திரும்பியவர்களுக்கான ஆய்வுகளில்தான்.

இணையத்தில் குப்பிகளில் விற்கும் பெப்டைடுகள் வேறு சங்கதி. இபமொரெலின் போன்றவை வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டி, செல்களை வளரச் சொல்லும் ஐ.ஜி.எஃப்.-1 என்ற புரதத்தின் அளவை ஏற்றும். பல வில்ம்ஸ் கட்டிகள் வளரப் பயன்படுத்துவது அதன் உறவான ஐ.ஜி.எஃப்.-2, இரண்டும் ஒரே ஏற்பியில்தான் ஒட்டுகின்றன. எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. கொலாஜன் பெப்டைடு பொடி, குடலில் செரித்துவிடும் சாதாரணப் புரதம், அவ்வளவே.

யாராவது 'ஆய்வு' என்று அழைத்தால், பதிவேட்டு எண், குறைந்தபட்ச வயது, எத்தனையாவது கட்டம், எந்த எச்.எல்.ஏ. வகை என்று எழுத்தில் கேளுங்கள். அறுவைக்கு முன்னால் இன்னொன்றையும் மருத்துவரிடம் கேட்கலாம்: கட்டியின் சிறு பகுதியை ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போடாமல் உறைநிலையில் சேமிக்க முடியுமா? பின்னாளில் மரபணுச் சோதனை தேவைப்பட்டால் அந்தத் துண்டு உதவும். அறுவை முடிந்த மறுநாள் கேட்டால் கிடைக்காது.