காவிரி டெல்டாவுக்கும் கோலார் தங்கச் சுரங்கத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு, தண்ணீர் வழியாக.

நான் திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடைக்காரன். ஜூன் பிறந்தால் எங்கள் ஊரில் பேச்செல்லாம் மேட்டூரில் எத்தனை அடி, 12-ஆம் தேதி திறப்பார்களா என்பதுதான். அந்த மேட்டூர் அணையின் கதையைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால் கோலார் தங்கவயலில் போய் முட்டும் என்பது, கல்லூரியில் கூடப் படித்த தங்கவயல் நண்பனின் வீட்டுக்குப் போகிற வரைக்கும் எனக்குத் தெரியாது.

கோலார் பக்கம் மண்ணை அரித்துப் பொன் எடுப்பது பழைய வழக்கம். 1802-ல் அங்கே நில அளவைக்கு வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் அதைப் பார்த்து எழுதிவைத்தார். 1870-களில் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கித் தோண்டிப் பார்த்தார், கைக்காசு போதவில்லை. 1880 வாக்கில் லண்டனில் பங்கு விற்ற கம்பெனிகள் இந்தப் பக்கம் படையெடுத்தன. நீலகிரியில் பந்தலூர், தேவாலா காடுகளிலும் அதே வேகத்தில் தோண்டினார்கள். அங்கே சில வருடங்களிலேயே எல்லாம் படுத்துவிட்டது. கோலார் மட்டும் ஜான் டெய்லர் கம்பெனியின் கையில் பிழைத்தது.

ஆழம் கூடக்கூட சக்தி தேவைப்பட்டது. கல்லை உடைக்க, ஆட்களை இறக்கி ஏற்ற, காற்றை உள்ளே தள்ள எல்லாமே நீராவி இயந்திரம். எரிபொருள் செலவோ தாங்க முடியாத செலவு. அதற்காகத்தான் சிவசமுத்திரம் அருவியில் காவிரியை மடக்கி மின்சாரம் எடுத்தார்கள். 1902-ல் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து நேராகத் தங்கவயலுக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் அது ஒன்று. பெங்களூருக்குத் தெருவிளக்கு வந்ததே அதற்குப் பிறகு, 1905-ல்தான்.

இனிதான் நம்ம ஊர் கதை. கோடையில் காவிரி இளைத்துப்போகும், சுரங்கத்துக்கோ வருடம் முழுக்க மின்சாரம் வேண்டும். சிவசமுத்திரத்துக்குத் தடையில்லாமல் தண்ணீர் விட, மேலே ஒரு பெரிய அணை தேவை என்றானது. 1911-ல் கிருஷ்ணராஜ சாகர் வேலை தொடங்கியதற்குப் பாசனத்தோடு இதுவும் ஒரு முக்கியக் காரணம். மேலே தேக்கினால் தஞ்சாவூர் வயல் என்னாவது என்று சென்னை மாகாணம் எதிர்த்தது. 1914-ல் வந்த நடுவர் தீர்ப்பை ஏற்காமல் மேல்முறையீடு போய், கடைசியில் 1924-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. மேட்டூர் அணைக்கு வழி திறந்ததும் அதே ஒப்பந்தம்தான். 1934-ல் அணை முடிந்தது. நாம் இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிற காவிரி வழக்கின் வேரில் ஒரு தங்கச் சுரங்கத்தின் மின்சாரத் தேவை கிடக்கிறது. டெல்டாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, அந்தத் தங்கத்தை வெட்டியது யார்? பெரும்பாலும் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போனவர்கள், அவர்களில் மிகப் பலர் தலித் மக்கள். ஊரில் இல்லாத ரொக்கக் கூலியும் தலைநிமிர்வும் தேடிப் போனார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வேர்பிடித்தது சும்மா இல்லை. 1930-ல் கம்பெனி கைரேகை பதியச் சொன்னபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்கள்.

நண்பனின் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 22 வருடம் வேலை பார்த்தவர். அந்தச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம், அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ரெண்டு வாக்கியத்துக்கு ஒருதரம் இருமிக்கொண்டே பேசினார். அழுத்தம் தாங்காமல் உள்ளே பாறை வெடிப்பதை அங்கே 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். வெடித்தால் வீட்டுப் பரணில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணு என்று ஆடுமாம். அடுப்பை அப்படியே போட்டுவிட்டுப் பெண்கள் சுரங்க வாசலுக்கு ஓடுவார்களாம். "கூண்டு மேல வந்து ஆள் முகம் தெரியற வரைக்கும் எவளும் பேசமாட்டா" என்று நண்பனின் அம்மா உள்ளேயிருந்து சொன்னார்.

சுமார் 120 வருடத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் போயிருக்கிறது. அந்த அம்மாவின் கழுத்தில் இருந்தது மஞ்சள் கயிறு.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். எடுக்கிற தங்கத்தைவிடச் செலவு பல மடங்கு ஆகிவிட்டது. தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் மட்டும் ஊருக்கு நடுவே சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. காற்றடித்தால் அந்தத் தூள் வீட்டுக்குள் வருகிறது. இப்போது அந்த ஊர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் விடிவதற்கு முன்னே மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். என் நண்பனும் அந்த ரயிலில்தான் போகிறான்.