மாரி முடியும்வரை படகு கரையில்: பற்றரி, வயர் பற்றிய கேள்விகள்

வாடைக் காற்று தொடங்கிப் படகுகள் கரையேறியதும் எனக்குக் கடிதங்கள் வந்து குவிகின்றன. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஐப்பசியில் கழற்றி வைத்த 70 அம்பியர் பற்றரி, தையில் எஞ்சினைக் கிளப்பவில்லை. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (வாழைச்சேனை)

கடைக்காரரைக் குற்றம் சொல்லுமுன் ஒன்றைச் சொல்லுங்கள்: கழற்றி வைத்த அன்று அதில் எத்தனை வோல்ட் இருந்தது? கடிதத்தில் அது இல்லை. கடைசித் தொழிலுக்குப் போய்வந்த அரைகுறைச் சார்ஜோடு அப்படியே மூலையில் வைத்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஈய அமிலப் பற்றரி சும்மா கிடந்தாலும் மாதத்துக்கு ஐந்து சதவீதம் அளவில் இறங்கும். தகரக் கூரை வாடியின் வெக்கையில் இன்னும் வேகமாக இறங்கும். இறங்கிய நிலையில் விட்டால் தகடுகளில் சல்பேற்று படிந்து இறுகிவிடும். அதன்பிறகு எவ்வளவு நேரம் சார்ஜில் போட்டாலும் பழைய வலு திரும்பாது.

12.6 வோல்டுக்கு மேல் காட்டினால் நிறைவு. 12.4 என்றால் கால் பங்கு போய்விட்டது. 12.2 பாதி. சார்ஜரிலிருந்து எடுத்த உடனே அளக்காதீர்கள், சில மணி நேரம் ஆறவிட்டு அளக்க வேண்டும். முதலில் தகடு மூடும் அளவுக்குக் காய்ச்சி வடித்த நீர் விட்டு, ஏழு அம்பியர் அளவில் முழுமையாகச் சார்ஜ் செய்து, பிறகு நீர்மட்டத்தைச் சரிசெய்து நிழலில் வையுங்கள். மாதம் ஒருமுறை அளந்து, 12.4 ஆனதும் மறுபடி சார்ஜில் போடுங்கள். சார்ஜ் போடும் இடத்தில் காற்றோட்டம் இருக்கட்டும். அடுப்பும் பீடியும் கிட்ட வரக்கூடாது, அதிலிருந்து வெளியேறும் வாயு தீப்பிடிக்கும்.

கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். மைனஸ் பூட்டியிருக்கும்போது பிளஸில் வைத்த ஸ்பானர் எஞ்சின் உடம்பில் தட்டினால் பெரும் பொறி பறக்கும்.

சீமெந்துத் தரையில் வைத்தால் பற்றரி இறங்கிவிடும் என்கிறார்களே? (கல்முனை)

இன்றைய பிளாஸ்டிக் பெட்டிப் பற்றரிகள் அதனால் இறங்குவதில்லை. பெட்டியின் மேல் படிந்த உப்பையும் ஈரத்தையும் துடையுங்கள், அதன் வழியாகத்தான் மின் கசியும்.

கிணற்றுத் தண்ணீர் விடலாமா? மழைத் தண்ணீர்? (திருக்கோவில்)

இரண்டும் வேண்டாம். காய்ச்சி வடித்த நீர் மட்டும்.

படகில் கரண்ட் வருவதில்லை. என்ன காரணம்? (ஒலுவில்)

கடிதம் மொத்தமும் இவ்வளவுதான். பைபர் படகா, பல நாள் படகா? விளக்கு எரியவில்லையா, ஸ்டார்ட்டர் சுற்றவில்லையா? பற்றரியில் எத்தனை வோல்ட்? பியூஸைக் கழற்றிப் பார்த்தீர்களா? இவற்றை எழுதாமல் காரணம் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. பார்த்துவிட்டு மீண்டும் எழுதுங்கள், பதில் தருகிறேன்.

ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் விளக்கு வயரை முறுக்கி, டேப் சுற்றித்தான் ஓட்டுகிறோம். வயர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் விளக்கு மங்கல். (பாலமீன்மடு)

வயர் நன்றாக இல்லை. மேல் உறை மட்டும்தான் நன்றாக இருக்கிறது. ஒரு விரல் நீளத்துக்கு உறையை உரித்துப் பாருங்கள். செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். முறுக்கிய இடத்தில் ஏறும் உப்பு நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் இழைகளுக்கிடையே உள்ளே போகிறது. டேப் அதைத் தடுப்பதில்லை. வெயிலில் அதன் பசை இளகி, புகுந்த ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கிறது. படகு கரையில் கிடக்கும் மூன்று மாதமும் இந்த அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். பற்றரியைப் பூட்டியே விட்டிருந்தால் ஈரத்தில் கசியும் மின்சாரம் பிளஸ் வயரைப் பல மடங்கு வேகமாகத் தின்றுவிடும்.

இதை எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். பொத்துவிலிலிருந்து வாகரை வரை நான் பார்க்கும் படகுகளில் இன்னும் முறுக்கும் டேப்பும்தான். சிலவற்றில் வீட்டுச் சுவருக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயர். அலையிலும் எஞ்சின் அதிர்விலும் அது உள்ளுக்குள் முறிந்துவிடும். வலைக்கும் எஞ்சினுக்கும் இலட்சக் கணக்கில் செலவழிப்பவர்கள், சில ஆயிரத்துக்குள் முடியும் வயரில் மிச்சம் பிடிக்கிறார்கள். நடுக்கடலில் இரவில் வலை விட்டுக் காத்திருக்கும் சிறு படகுக்கு அந்த ஒரு விளக்குதான் காவல். அது அணைந்தால் வேகமாக வரும் பல நாள் படகுக்கு உங்களைத் தெரியாது. உள்ளே இருக்கும் இரண்டு மூன்று உயிருக்காகத்தான் இவ்வளவு கோபப்படுகிறேன்.

இப்போது நேரம் இருக்கிறது, செய்யுங்கள். மைனஸைக் கழற்றிவிட்டு, பளபளப்பான செம்பு தெரியும்வரை வயரை வெட்டுங்கள். தெரியாவிட்டால் முழு வயரையும் மாற்றுங்கள். வெள்ளீயம் பூசிய பல இழை வயர் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வாகனங்களுக்குப் போடும் பல இழை வயராவது வேண்டும். இணைப்பை அதற்குரிய கொறட்டால் அழுத்தி, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயைச் சூடாக்கி மூடுங்கள். இணைப்பு எதுவும் அடித்தண்ணீர் எட்டும் உயரத்தில் இருக்கக்கூடாது. பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இருக்க வேண்டும். பியூஸ் போனால் சிகரெட் தாளையோ செம்புக் கம்பியையோ செருகாதீர்கள், படகு எரிந்துவிடும்.

பற்றரி முனைகளுக்கு வாசலின் பூசுவது இறுக்குமுன்னா, இறுக்கிய பின்னா? (மருதமுனை)

தேய்த்துத் துப்புரவாக்கி, இறுக்கிய பின் மேலே பூசுங்கள்.

பல நாள் படகு, துறைமுகத்தில் தண்ணீரிலேயே நிற்கிறது. பற்றரியை முழுதாகக் கழற்றலாமா? (வாழைச்சேனை)

கூடாது. அடித்தண்ணீரை இறைக்கும் பம்ப் அதில்தான் ஓடுகிறது. மழை நாளில் பம்ப் நின்றால் படகு கட்டிய இடத்திலேயே அமிழ்ந்துபோகும். மிதவைச் சுவிட்சுள்ள பம்புக்குத் தனி வயரும் தனிப் பியூஸும் கொடுத்து, மற்றதையெல்லாம் பிரதான சுவிட்சில் நிறுத்துங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை யாராவது மிதவையைக் கையால் தூக்கி, பம்ப் ஓடுகிறதா என்று பார்க்கட்டும். சூரியத் தகடு வைத்தால் சார்ஜ் கட்டுப்பாட்டுக் கருவியோடு வையுங்கள். செய்மதிக் கண்காணிப்புக் கருவியின் மின்சாரத்தை நீங்களாக வெட்டாதீர்கள், கடற்றொழில் நீரியல் வளத் திணைக்கள அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள். படகின் மற்ற உலோகங்கள் அரிக்காமல் தான் கரைவதற்காக நீருக்கடியில் பூட்டும் சிங்க் கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள், அதன்மேல் பெயின்ட் அடிக்கக்கூடாது.

மழை படாமல் எஞ்சினைப் பொலித்தீனால் இறுகக் கட்டி வைத்தோம். உள்ளே எல்லாம் துரு. (நிந்தவூர்)

காற்றுப் போகாத உறைக்குள் இரவுக் குளிரில் வியர்த்த நீர் வெளியேற வழியில்லை. மேலே மட்டும் மூடி, கீழே திறந்து விடுங்கள். மூடுமுன் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி நன்றாகக் காய விடுங்கள். சுவிட்சுகளுக்குள் நீரைப் பாய்ச்ச வேண்டாம்.

வாவி பெருகி வாடிக்குள் வெள்ளம் வந்து எஞ்சின் மூழ்கிவிட்டது. ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா? (களுவாஞ்சிக்குடி)

வேண்டவே வேண்டாம். பற்றரி பூட்டியிருந்தால் மைனஸ் முதலில் கழற்றுங்கள். நல்ல தண்ணீரால் கழுவி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி உள்ளே போன நீரை வடித்து, அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொடுங்கள். நீருக்குள் இருக்கும்வரை அரிப்பு மெதுவாக நடக்கும், வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் வேகமெடுக்கும். அவர் இன்று வர முடியாது என்றால், வரும்வரை எஞ்சினை நல்ல தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கவே வைத்திருங்கள்.