உணவகத்தில் பரிமாறுபவர் விருந்தினருக்குப் பானங்களை எவ்வாறு பரிந்துரைக்கலாம்?

திருகோணமலையில் பரிமாறும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த நீங்கள், "குடிக்க என்ன வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்பதை விட, விருந்தினர் கேட்ட உணவிலிருந்தே பேச்சைத் தொடங்குவது நல்லது. நண்டுக் கறி கேட்டவரிடம், "கறி நல்ல உறைப்பு, மோர் கொண்டு வரட்டுமா?" என்று கேளுங்கள், மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் எளிதில் கரையாது, மோரிலுள்ள பால் புரதமோ அதைப் பற்றிக்கொண்டு எரிவைத் தணிக்கும் என்பதால், இது வெறும் உபசார வார்த்தையன்று. நிலாவெளிக் கடற்கரை வெயிலில் நின்றுவிட்டு வருபவருக்குச் செவ்விளநீரோ உப்பிட்ட தேசிக்காய்ச் சாறோ பொருந்தும். சீனி, ஐஸ் வேண்டுமா என்பதை முன்னரே கேட்டுவிடுங்கள். விலை கூடியதையே முதலில் சொல்வது, என் பார்வையில், நம்பிக்கையைக் கெடுக்கும். போயா (பௌர்ணமி) தினத்தில் பியர் கேட்பவரிடம், இலங்கையில் அன்று மது விற்பனைக்குத் தடை என்பதைப் பணிவாகச் சொல்லி, மதுவில்லாத இஞ்சிப் பானமான ஜிஞ்சர் பியரைப் பரிந்துரைக்கலாம்.