காவிரிக் கரையில் குட்டி மீன் கூட்டம்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய பேர் கேட்டிருப்பது ஒரே விஷயம்: மேஜை மேல் வைக்கிற சின்னத் தொட்டி, அதில் செடி, அதற்குள் கூட்டமாகத் திரியும் குட்டி மீன்கள். டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை மட்டும் தனியாக எடுத்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். நம் பக்கத்துத் தண்ணீரும் சித்திரை வெயிலும் வேறு மாதிரி, வீடியோவில் பார்த்ததை அப்படியே செய்தால் மீன்தான் பாடுபடும்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்: ஒன்றேகால் அடித் தொட்டி, 30 லிட்டர் பிடிக்கும். செடி வைத்து மூன்றாம் நாளே ஆறு எம்பர் டெட்ரா விட்டேன். இரண்டு செத்துவிட்டன. மீதி நாலும் ஃபில்டருக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு வெளியே வருவதே இல்லை. கடையில் நீல மருந்து கொடுத்திருக்கிறார்கள், ஊற்றலாமா?

ஊற்ற வேண்டாம். இது நோய் மாதிரித் தெரியவில்லை, புதுத் தொட்டியின் பிரச்சினை. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கேடில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். மூன்று நாளில் அங்கே ஒன்றும் இருக்காது. மருந்து ஊற்றினால் வந்துகொண்டிருக்கிற கொஞ்சநஞ்ச பாக்டீரியாவும் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

இப்போதைக்கு தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள், சிட்டிகையிலும் பாதி போடுங்கள். உங்கள் வீட்டுக்கு வருவது குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் என்றால் வாளியில் பிடித்து ஒருநாள் திறந்து வையுங்கள், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்ட்டி குளோரின் சில சொட்டு விடுங்கள். தெரிந்தவர் யாராவது நல்ல நிலையில் தொட்டி வைத்திருந்தால் அவருடைய ஸ்பாஞ்ச் ஃபில்டரை உங்கள் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு பிழி பிழிந்துவிடச் சொல்லுங்கள். அந்த அழுக்குத் தண்ணீரைவிட நல்ல மருந்து இப்போது உங்களுக்குக் கிடையாது.

சரி, பதுங்குவதற்கு வருகிறேன். எம்பர் டெட்ரா பிரேசிலில் அரகுவாயா ஆற்றுப் படுகையிலிருந்து வந்தது, இரண்டு சென்டிமீட்டர்தான் வளரும். இவ்வளவு சின்ன மீனுக்குக் கூட்டம்தான் காவல். நாலைந்து மட்டும் இருந்தால் ஒவ்வொன்றும் தான் தனியாக மாட்டிக்கொண்டதாகவே நடந்துகொள்ளும், நிறம் வெளுக்கும், தீனிக்கும் வராது. அதையே பத்துப் பன்னிரண்டாக விட்டுப் பாருங்கள், நடுத்தொட்டிக்கு வந்து நிற்கும். கூட்டம் இருந்தால்தான் ஆண் மீன்கள் ஒன்றுக்கொன்று துடுப்பை விரித்துக் காட்டும், அந்த நேரத்தில் உடம்பு முழுக்கத் தணல் போலச் சிவக்கும். கடையில் வெள்ளைத் தொட்டியில் பார்த்தது இந்த மீன்தானா என்று கேட்பீர்கள். ஆனால் இப்போதே போய் வாங்கிவிடாதீர்கள். தண்ணீர் பரிசோதனைக் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று வந்த பிறகு ஆறு, இரண்டு வாரம் கழித்து இன்னொரு மூன்று நாலு. மேலே கொஞ்சம் மிதக்கும் செடி, பின்கண்ணாடிக்கு வெளியே ஒரு கறுப்புச் சார்ட் பேப்பர், இவ்வளவு செய்தாலே பாதிப் பயம் போய்விடும்.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகி: கேலக்ஸி ரஸ்போரா மூன்று முறை வாங்கினேன். தை மாசியில் நன்றாக இருக்கிறது, சித்திரை பிறந்தால் ஒவ்வொன்றாகப் போய்விடுகிறது. என் கைராசி சரியில்லையா?

கைராசி எல்லாம் இல்லை அம்மா. அந்த மீன் 2006-ல்தான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது, மியான்மரில் ஷான் மேட்டுநிலத்தில் ஹோபோங் பக்கம், கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிற குளிர்ந்த சிறு குட்டைகளில் வாழ்வது. 22 முதல் 25 டிகிரித் தண்ணீர்தான் அதற்கு இதம். நம் ஊரில் அக்னி நட்சத்திரத்தில் மேஜை மேல் இருக்கிற 20 லிட்டர்த் தண்ணீர் 33 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடும். பெரிய தொட்டி மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும், சின்னத் தொட்டி அறை வெப்பத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். கூடவே இன்னொரு கஷ்டம்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் பிடித்து வைக்கிற தண்ணீர் 33 டிகிரியில் 7 மில்லிகிராம் அளவுதான் வைக்கும். அதே வெப்பத்தில் மீன் மூச்சு வாங்குவது கூடும். அமோனியாவின் நச்சும் வெப்பம் ஏற ஏறக் கூடும். இத்தனையும் சேர்ந்துதான் அந்த மீனைக் கொல்கிறது.

ஏ.சி. ஓடாத அறை என்றால் இந்த மீனை நம் பக்கத்தில் வாங்கவே கூடாது என்பதுதான் என் அபிப்பிராயம். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் வருஷா வருஷம் சித்திரையில் சாகக் கொடுப்பது நியாயம் இல்லை. நியான் டெட்ராவும் கிட்டத்தட்ட இதே ரகம், குளுமை தேடுகிற மீன். வெப்பம் தாங்கும் என்றால் கார்டினல் டெட்ரா தாங்கும், ஆனால் அதற்கு 60 லிட்டராவது வேண்டும். 30 லிட்டருக்குள் என்றால் எம்பர் டெட்ரா, அல்லது சில்லி ரஸ்போரா. இரண்டுக்கும் 28 டிகிரி வரை சங்கடம் இல்லை, அதற்கு மேல் போகும் மாதங்களில் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்படிப் பார்த்துக்கொள்வது? கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். கம்ப்யூட்டருக்கு வைக்கிற குட்டி ஃபேனைத் தண்ணீரின் மேல்பரப்பில் படும்படி சாய்த்து வையுங்கள், ஆவியாவதிலேயே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தஞ்சாவூர், திருவையாறு பக்கம் காற்று காய்ந்திருப்பதால் இது நன்றாக வேலை செய்யும், நாகப்பட்டினம் கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் என்பதால் அவ்வளவு இறங்காது. ஆவியாகிற தண்ணீர் உப்பை விட்டுவிட்டுப் போகும் என்பதால் குறைகிற அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரோ சேமித்த மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள், போர் தண்ணீர் வேண்டாம். ஐஸ் பாட்டில் போடுகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், பத்து நிமிஷத்தில் நாலு டிகிரி இறங்கி மத்தியானம் மறுபடி ஏறுவது சூட்டைவிடக் கொடுமை. லைட்டைப் பகலில் போடாமல் சாயங்காலம் ஐந்திலிருந்து பதினொன்று வரை போடலாம். கரன்ட் போனாலும் ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும், நம் பக்கத்துக் கோடையில் அது ஆடம்பரம் இல்லை.

வேதாரண்யத்திலிருந்து ஒரு வாசகர்: எங்கள் போர் தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1,400 காட்டுகிறது. கேன் தண்ணீர் மட்டும் ஊற்றி சில்லி ரஸ்போரா வளர்க்கலாமா?

வெறும் கேன் தண்ணீரில் தாது உப்பு மிகக் குறைவு, அதனால் பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) நிலையில்லாமல் ஆடும், செடியும் வெளுக்கும். ஆனால் உங்கள் போர் தண்ணீரில் அந்த மீன் வாழாது என்பதும் உண்மை. அதன் ஊர் போர்னியோவின் தென்மேற்கே இருக்கும் சதுப்புக் காடு, இலை ஊறித் தேநீர் நிறத்தில் இருக்கிற, உப்பே இல்லாத, அமிலத் தண்ணீர். கேன் தண்ணீர் பத்துப் பங்குக்குப் போர் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் 150 சுற்றுவட்டாரத்தில் வரும், மீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டு கலக்குங்கள்.

அதைவிட நல்லது ஐப்பசி கார்த்திகை மழை. முதல் இரண்டு மழையில் கூரை கழுவிப் போகட்டும், மூன்றாவது மழையிலிருந்து பிடித்து மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் வையுங்கள். ஓட்டுக் கூரைத் தண்ணீர்தான் விசேஷம். சுண்ணாம்பு அடித்த மொட்டைமாடித் தண்ணீர் என்றால் சுண்ணாம்பு இறங்கி பி.எச். ஏறிவிடும், அதைப் பிடித்துப் பிரயோசனம் இல்லை. பிறகு தெருவோரம் நிற்கிற பாதாம் மரத்தடியில் தானாக உதிர்ந்து காய்ந்த இலையை எடுத்துக் கழுவி, 30 லிட்டருக்கு ஒன்று வீதம் போடுங்கள். இரண்டு நாளில் தண்ணீர் லேசாகப் பழுப்பாகும், மீனின் சிவப்பு எடுப்பாகத் தெரியும். பச்சை இலை வேண்டாம், பூச்சிமருந்து அடித்த மரமும் வேண்டாம்.

இவ்வளவு மெனக்கெட முடியாது என்றால் உங்கள் தண்ணீருக்கு ஏற்ற மீன் உங்கள் கரையோர வாய்க்காலிலேயே இருக்கிறது. ஒரைசியாஸ் என்கிற அரிசிமீன் குடும்பத்தைச் சேர்ந்தது, மூன்று சென்டிமீட்டர், கண்ணாடி மாதிரி உடம்பு, கண்ணில் நீல மினுக்கு, மேல்தண்ணீரில் கூட்டமாகத் திரியும், உவர்நீரும் தாங்கும், நல்ல தண்ணீரும் தாங்கும். முட்டை இட்ட பெண் மீன் அந்த முட்டைகளைக் கொத்தாக வயிற்றுக்கடியில் தொங்கவிட்டுக்கொண்டே சில மணி நேரம் நீந்தும், பிறகு செடியில் உரசி ஒட்டவைக்கும். காலையில் தொட்டி முன்னால் உட்கார்ந்து பாருங்கள், ஊசிமுனைக் கண்ணாடி மணிகள் மாதிரி தெரியும்.

மன்னார்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: கடையில் ஒரு கொத்துச் செடி நூறு ரூபாய் சொல்கிறார்கள். வயலிலும் வாய்க்காலிலும் இருப்பதைப் போடலாமா அண்ணா?

தாராளமாகப் போடலாம் தம்பி, கவனமாக. கடையில் பகோபா என்று விற்பது உங்கள் வாய்க்கால் கரையில் படர்ந்திருக்கிற நீர்ப்பிரம்மிதான். ஆரைக்கீரையை நாலு நாலு இலையாக முன்வரிசையில் நட்டால் தண்ணீருக்கடியில் வரும் புது இலை குட்டையாக, பெரும்பாலும் ஒற்றை இலையாக வரும். முதல் வாரங்களில் பழைய இலை அழுகும், பயப்பட வேண்டாம், கிள்ளிப் போடுங்கள்.

ஆபத்து இரண்டு. ஒன்று மருந்து. குறுவைக்கும் சம்பாவுக்கும் அடித்த பூச்சிமருந்து செடியோடு வந்தால் இறால் முதலில் சாகும், அடுத்து மீன். அதனால் மருந்து அடிக்கிற வயல் வரப்பில் எடுக்காதீர்கள், கோயில் குளக்கரை, தோட்டத்து ஓடை மாதிரி இடமாகப் பாருங்கள். இரண்டாவது தும்பியின் புழு. நீருக்கடியில் வளர்கிற அந்தப் புழு தாடையை நீட்டி இரண்டு சென்டிமீட்டர் மீனைப் பிடித்துவிடும், மீன் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும், காரணமே தெரியாது. செடியைத் தனி வாளியில் இரண்டு மூன்று வாரம் வைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றி, வெள்ளைத் தட்டில் உதறிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அடியில் வண்டல் போட்டு மேலே ஆற்றுமணல் போடுவதும் நல்ல வழிதான், யூரியா விழாத இடத்து மண்ணாக இருக்க வேண்டும். மணல் கடற்கரைப் பக்கத்தது என்றால் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் கிளிஞ்சல் இருக்கிறது, வேண்டாம்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: வயலில் பிடித்த பொடி மீன்களை இந்தத் தொட்டி மீன்களோடு விடலாமா?

எது என்று பார்த்துத்தான். தலையில் வெள்ளிப்பொட்டு மின்னுகிற மேல்தண்ணீர் மீன் சில்லி ரஸ்போராவை விழுங்கிவிடும். நீண்ட மீசையோடு எகிறிக் குதிக்கிற கெண்டைக்கு இந்தத் தொட்டி போதாது. கொசு ஒழிக்க விடுகிற கம்பூசியா மற்ற மீனின் துடுப்பைக் கடிக்கும். வால் கூர்மையான, பழுப்பு நிறக் குட்டி மீன் ஒன்று வயலில் இருக்குமே, புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றுப் பெயரை வைத்து 1831-லேயே விஞ்ஞானிகள் பதிவு செய்த இனம், அது சாது. அதை ஜோடியாகத் தனித் தொட்டியில் வையுங்கள், கூட்ட மீன் இல்லை அது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி: குச்சி மாதிரித் தீனி போட்டால் மீன் வாயில் போட்டுத் துப்பிவிடுகிறதே?

வாய் கொள்ளாது. தீனியை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துத் தூளாக்கிப் போடுங்கள், வாரத்தில் இரண்டு மூன்று நாள் உயிருள்ள தீனி கொடுங்கள். ஆர்ட்டீமியா என்கிற உப்புநீர்ப் பொடி இறாலின் முட்டை வாங்கி, லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் கல் உப்பு போட்ட தண்ணீரில் ஏர் ஓடவிட்டால் 28 டிகிரியில் ஒருநாளில் பொரியும், நம் ஊருக்கு ஹீட்டர்கூட வேண்டாம். ஏரை நிறுத்திப் பத்து நிமிஷம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் வெளிச்சப் பக்கம் ஒதுங்கும். அதை மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். சாக்கடையிலிருந்து எடுத்த புழு மட்டும் வேண்டாம்.

பேராவூரணியிலிருந்து: சென்னை கொளத்தூர் மீன் சந்தையில் வாங்கி ராத்திரி முழுக்கப் பயணம் செய்து கொண்டுவந்தேன். கவரைத் திறந்து தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு இரண்டு மணி நேரம் பழக்கியும் பாதி செத்துவிட்டது. ஏன்?

பழக்கிய நேரம்தான் கொன்றது. மூடிய கவரில் மீன் விடும் கார்பன் டை ஆக்சைடு பி.எச்.-ஐ இறக்கி வைத்திருக்கும், அதனால் சேர்ந்த அமோனியா அதிகம் நச்சாகாமல் இருக்கும். கவரைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அதே அமோனியா நச்சாகிவிடும். நீண்ட பயணத்து மீனுக்குக் கவரை மூடியபடியே இருபது நிமிஷம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்து, திறந்த உடனே வலையில் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். கவர்த் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கடைக்காரரிடம் அவர் தண்ணீரின் டி.டி.எஸ்.-ஐ முன்பே கேட்டு உங்கள் தொட்டியை அதற்கு அருகில் வைத்துக்கொண்டால் கவலையில்லை.

திருவாரூரிலிருந்து: வேலை மாற்றலாகிப் போகிறேன். மீன்களை ஓடம்போக்கியில் விட்டுவிடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். ஜிலேபிக் கெண்டை இப்படி வெளியிலிருந்து வந்துதான் காவிரி முழுக்கப் பரவி நாட்டு மீனின் இடத்தைப் பிடித்தது. உங்கள் குட்டி மீன்கள் ஒருவேளை பிழைக்காமலே போகலாம், ஆனால் அவற்றோடு போகிற நோயும் நத்தையும் செடியும் பிழைக்கும். வாங்கிய கடையிலேயே கேளுங்கள், பெரும்பாலான கடைக்காரர்கள் இலவசமாகவாவது வாங்கிக்கொள்வார்கள். இல்லையென்றால் பக்கத்துப் பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் தொட்டியோடு கொடுங்கள், ஸ்பாஞ்சை மட்டும் காயவிடாமல் அதே தண்ணீரில் ஊறவைத்துக் கொடுங்கள். செடிகளை வெயிலில் காயப்போட்டு எருக்குழியில் போடுங்கள், வாய்க்காலில் வீச வேண்டாம்.